தோலின் துளையும் கேமராவின் புள்ளியும்

ஓர் ஆட்டுத்தோலின் பரப்பளவு எவ்வளவு? கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு உட்காருங்கள், பார்க்கலாம். செவ்வகம் என்றால் நீளத்தையும் அகலத்தையும் பெருக்கிவிடலாம். வட்டம் என்றால் அதற்கொரு சூத்திரம் உண்டு. ஆட்டுத்தோல் எந்தச் சூத்திரத்துக்கும் அடங்காது. கழுத்துப் பக்கம் குறுகும், வயிற்றுப் பக்கம் நெளியும், கால்கள் இருந்த இடத்தில் நாலு மூலைகள் நீட்டிக்கொண்டு நிற்கும். ஆனால் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ராணிப்பேட்டையிலும் பதனிட்ட தோலுக்கு விலை சதுர அடிக் கணக்கில்தான். ஒரு தோலுக்குக் கால் சதுர அடி தப்பாகப் போட்டால் ஆயிரம் தோலில் 250 சதுர அடி காணாமல் போய்விடும். வாங்குபவர் விடுவாரா? விற்பவர்தான் விடுவாரா?

அதற்காகவே தோல் பதனிடும் டேனரிகளில் ஓர் அளவை இயந்திரம் வைத்திருக்கிறார்கள். தோலை விரித்து ஒரு பக்கம் கொடுத்தால், மறுபக்கம் வெளியே வரும்போது பரப்பளவு எண்ணாக வந்து நிற்கும். பழைய இயந்திரங்களில் வரிசையாகச் சக்கரங்கள் இருக்கும். சக்கரங்களின் விளிம்பைச் சுற்றிச் சின்னச் சின்ன முளைகள். தோல் இருக்கிற இடத்தில் முளை உள்ளே தள்ளப்படும், இல்லாத இடத்தில் அப்படியே நிற்கும். தள்ளப்பட்ட முளைகளைப் பற்சக்கரங்கள் எண்ணிக் கூட்டிச் சொல்லும். இப்போதைய மின்னணு இயந்திரங்களில் முளைக்குப் பதில் ஒளியுணரிகள் ஒரு வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. தோல் நகர நகர, ஒவ்வோர் உணரியும் "எனக்கு வெளிச்சம் வருகிறதா, தோல் மறைக்கிறதா?" என்று பார்த்துக்கொண்டே இருக்கும். மறைத்த தடவைகளை எண்ணி, ஒரு சின்னக் கட்டத்தின் பரப்பால் பெருக்கினால் விடை தயார்.

இந்த வேலையை நீங்களும் வகுப்பில் செய்திருப்பீர்கள். வரைபடத் தாளின் மேல் ஓர் இலையை வைத்து, ஓரத்தைச் சுற்றிக் கோடு போட்டு, உள்ளே விழுந்த கட்டங்களை எண்ணுவோமே, அதேதான். கட்டம் சின்னதாக இருந்தால் விடை துல்லியமாக வரும். ஆனால் எண்ணுகிற வேலையும் கூடும். எவ்வளவு கூடும்? கட்டத்தின் பக்கத்தைப் பாதியாக்கிப் பாருங்கள். இரண்டு மடங்கு என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். ஒரு கட்டம் இருந்த இடத்தில் இப்போது நாலு கட்டங்கள்!

கேமராவுக்குள் இருக்கும் உணரியும் இப்படிக் கட்டம் பிரிக்கிற கருவிதான். தோல் இயந்திரத்துக்கு "இருக்கிறது, இல்லை" என்ற இரண்டே பதில்கள் போதும். கேமராவின் ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு வெளிச்சம் வந்தது என்று அளந்து சொல்ல வேண்டும். அந்தப் புள்ளியைத்தான் பிக்சல் என்கிறோம். பத்து லட்சம் பிக்சல் சேர்ந்தால் ஒரு மெகாபிக்சல்.

இங்கே ஒரு ரகசியம் சொல்கிறேன். கேமராவின் புள்ளிகளுக்கு நிறம் தெரியாது. ஒவ்வொரு புள்ளிக்கும் மேலே சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றில் ஏதாவது ஒரு நிறத்தில் குட்டி வடிகட்டி ஒட்டியிருக்கும். பாதிப் புள்ளிகளுக்குப் பச்சை, கால்வாசிக்குச் சிவப்பு, மீதிக் கால்வாசிக்கு நீலம். நம் கண் பச்சைப் பக்கத்து ஒளியைத்தான் மிக நன்றாக உணரும் என்பதால் பச்சைக்கு இந்தச் சலுகை. கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் கண்டுபிடித்த இந்த ஏற்பாட்டுக்கு 1976-இல் காப்புரிமை கிடைத்தது. சிவப்பு வடிகட்டிக்குக் கீழே இருக்கும் புள்ளிக்குத் தன்மேல் விழுந்த பச்சையும் நீலமும் எவ்வளவு என்று தெரியாது. பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்துக் கேமரா கணக்குப் போட்டு நிரப்பிக்கொள்கிறது. ஆக, நாம் பார்க்கும் வண்ணப்படத்தில் மூன்றில் இரண்டு பங்கு எண்கள் ஊகித்து எழுதியவை!

சரி, இப்போது கேமராவின் மெனுவுக்கு வருவோம். எந்த டிஜிட்டல் கேமராவைத் திறந்தாலும் இரண்டு கேள்விகள் முன்னால் நிற்கும். படத்தின் அளவு என்ன? படத்தின் தரம் என்ன? பெரியவர்களிலேயே பலர் இந்த இரண்டையும் ஒன்று என்று நினைத்துக் குழப்பிக்கொள்கிறார்கள். இரண்டும் வெவ்வேறு. எத்தனை புள்ளிகளை வைத்துக்கொள்வது என்பது அளவு. வைத்துக்கொண்ட புள்ளிகளை எவ்வளவு நேர்மையாக எழுதி வைப்பது என்பது தரம்.

முதலில் அளவைப் பார்ப்போம். எல், எம், எஸ் என்று சட்டைக்குப் போடுவதுபோல் மூன்று எழுத்துகள் இருக்கும். 24 மெகாபிக்சல் நிக்கான் கேமராக்கள் பலவற்றில் எல் என்றால் 6000 × 4000 புள்ளிகள். பெருக்கினால் 2 கோடியே 40 லட்சம். எம் என்றால் 4496 × 3000, அதாவது சுமார் 1 கோடியே 35 லட்சம். எஸ் என்றால் 2992 × 2000, சுமார் 60 லட்சம். எஸ்-இன் அகலம் எல்-இன் அகலத்தில் பாதிதான். ஆனால் புள்ளிகள் கால்வாசியாகிவிட்டன. இலைக்குக் கட்டம் எண்ணிய அதே கணக்கு, தலைகீழாக.

60 லட்சம் கொஞ்சம் என்று நினைக்க வேண்டாம். கணினியில் ஏற்றிய முதல் புகைப்படங்களில் ஒன்று 1957-இல் அமெரிக்காவில் ரஸ்ஸல் கிர்ஷ் என்பவர் ஸ்கேன் செய்த அவருடைய கைக்குழந்தையின் படம். 176 × 176, மொத்தம் 30,976 புள்ளிகள். 1975-இல் கோடாக்கின் ஸ்டீவன் சாசன் செய்த முதல் டிஜிட்டல் கேமரா எடுத்தது 100 × 100, வெறும் பத்தாயிரம். அந்தப் பத்தாயிரம் புள்ளிகளையும் கேசட் நாடாவில் எழுதி முடிக்க அதற்கு 23 விநாடி பிடித்தது.

எத்தனை புள்ளி வேண்டும் என்பதை எப்படித் தீர்மானிப்பது? படத்தைப் பார்க்கப்போகும் கண்ணைக் கேட்க வேண்டும். புத்தகம் படிக்கிற தூரத்தில் ஓர் அங்குலத்துக்குள் 300 புள்ளிகளை அடுக்கினால், ஒரு புள்ளியின் அகலம் 0.085 மில்லிமீட்டர்தான் வரும். அதற்குமேல் நம் கண்ணால் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க முடியாது. ஸ்டுடியோவில் போடும் 6 × 4 அங்குலப் படத்துக்கு 1800 × 1200, அதாவது 21,60,000 புள்ளிகள் போதும். ஏ4 தாள் முழுக்க அச்சடிக்க 87 லட்சம் வரை வேண்டும். முழு எச்.டி. டிவித் திரையில் இருப்பதே 1920 × 1080, சுமார் 21 லட்சம் புள்ளிகள்தான். பஸ் நிலையத்துக்கு எதிரே கட்டியிருக்கும் ராட்சத ஃபிளக்ஸ் பேனருக்கு அங்குலத்துக்கு 300 போட்டால் கணினி மூச்சுமுட்டிப் போகும். தூரத்தில் நின்று பார்ப்பதால் அதில் பத்தில் ஒரு பங்கு இருந்தால்கூடத் தெளிவாகவே தெரியும். பக்கத்தில் போய் மூக்கை ஒட்டிப் பார்த்தால் புள்ளி புள்ளியாகத் தெரியும். ஒரு தடவை பார்த்துவிடுங்கள், நல்ல பாடம்.

அப்படியானால் ஆல்பத்துக்கு எஸ் போதுமே, எல் எதற்கு? வெட்டி எடுக்கத்தான்! பள்ளியில் குழுப்படம் எடுக்கிறார்கள். ஒரு வரிசையில் 15 பேர். எல் அளவில் 6000 புள்ளிகளை 15 பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 400. பாஸ்போர்ட் அளவுப் படத்தின் அகலம் 35 மில்லிமீட்டர். நல்ல அச்சுக்கு அந்த அகலத்தில் ஏறத்தாழ 413 புள்ளிகள் வேண்டும். ஆகவே எல்-இல் எடுத்த குழுப்படத்திலிருந்து உங்களை மட்டும் வெட்டி எடுத்து ஒரு பாஸ்போர்ட் படமே போட்டுவிடலாம். எஸ்-இல் எடுத்திருந்தால் உங்கள் பங்கு 200 புள்ளிகள். மூக்கு எங்கே, கண் எங்கே என்று தேட வேண்டியதுதான்.

இப்போது தோலுக்குத் திரும்புவோம். உருப்பெருக்கிக் கண்ணாடி இருந்தால் ஒரு தோல் செருப்பையோ பையையோ எடுத்து அதன் வழியே பாருங்கள். அசல் தோலாக இருந்து, மேலே கனமாக வண்ணம் பூசாமல் இருந்தால், பொட்டுப் பொட்டாகத் துளைகள் தெரியும். அந்த விலங்கின் முடி முளைத்திருந்த துளைகள் அவை. ஆட்டுத்தோலில் பெரிய துளைகள் சில சில சேர்ந்து அலை அலையான வரிசையில் நிற்கும், பக்கத்தில் பொடித் துளைகள் இருக்கும். மாட்டுத்தோலில் ஒரே மாதிரித் துளைகள் பரவலாகச் சிதறிக் கிடக்கும். எருமைத்தோலில் துளைகள் பெரியவை, ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி இருக்கும். இது எந்த விலங்கின் தோல் என்று நிபுணர்கள் இந்தத் துளைகளின் கோலத்தை வைத்தே சொல்லிவிடுவார்கள். தோலின் இந்த மேற்பரப்புக்குத்தான் தொழிலில் 'கிரெயின்' என்று பெயர். ஆடு மேயும்போது முள் கிழித்த கீறல், உண்ணி கடித்த வடு, எல்லாமே அதில் பதிந்திருக்கும். டேனரியில் 'செலக்ஷன்' பார்ப்பவரின் வேலை இவற்றை எல்லாம் பார்த்துத் தோல்களைத் தரம் பிரிப்பது. வெளிநாட்டில் ஷூ செய்கிறவருக்குத் தோலின் படத்தை அனுப்பினால் அவரும் இதைத்தான் கூர்ந்து பார்ப்பார்.

90 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு தோலை விரித்து முழுசாகப் படம் எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். படத்தின் அகலம் முழுக்கத் தோல் நிறைந்திருந்தால், எல் அளவில் ஒரு புள்ளி காட்டும் இடம் 0.15 மில்லிமீட்டர். எஸ் அளவில் 0.3 மில்லிமீட்டர். ஒரு துளை தனியாகத் தெரிய வேண்டுமென்றால் அதன் குறுக்கே இரண்டு புள்ளிகளாவது விழ வேண்டும். ஆட்டுத்தோலின் பொடித் துளைகள் 0.15 மில்லிமீட்டருக்குள்ளேயே அடங்கிவிடும். அப்படியானால் எல்-இல் எடுத்தாலும் துளை தெரியாது!

என்ன செய்யலாம்? இன்னும் அதிக மெகாபிக்சல் உள்ள கேமராவை வாங்கலாம் என்பீர்கள். அப்பாவின் பணத்தைக் காப்பாற்றுங்கள். இரண்டடி முன்னால் போங்கள். 9 சென்டிமீட்டர் இடம் மட்டும் படத்தை நிறைக்கும்படி கிட்டே போனால், ஒரு புள்ளி காட்டும் இடம் 0.015 மில்லிமீட்டராகச் சுருங்கிவிடும். உங்கள் லென்ஸ் அவ்வளவு கிட்டத்தில் கூர்மையாகக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். ஜன்னலோரமாக வைத்துப் பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்தால் ஒவ்வொரு துளைக்குள்ளும் நிழல் விழுந்து இன்னும் எடுப்பாகத் தெரியும். நேராக ஃபிளாஷ் அடித்தால் தோல் பளபளக்கும், துளை மறைந்துவிடும். மெனுவில் எதை மாற்றினாலும் இந்த இரண்டுக்கும் ஈடாகாது என்பது என் கட்சி.

அடுத்த கேள்விக்கு வருவோம்: தரம். இதுதான் எனக்குப் பிடித்த பகுதி, கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

2 கோடியே 40 லட்சம் புள்ளிகள், ஒவ்வொன்றுக்கும் மூன்று நிறங்கள், ஒரு நிறத்துக்கு ஒரு பைட். மொத்தம் 7 கோடியே 20 லட்சம் பைட், அதாவது 72 எம்.பி. ஆனால் கேமராவின் கார்டில் பார்த்தால் படக் கோப்பு பத்துப் பன்னிரண்டு எம்.பி.தான் இருக்கிறது. மீதி எங்கே போயிற்று?

தொலைபேசியில் உங்கள் நண்பருக்கு ஒரு படத்தை விவரிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேகமில்லாத வானம் என்றால் "முழுக்க நீலம், கீழே வரவர கொஞ்சம் வெளுப்பு" என்று ஒரே மூச்சில் முடித்துவிடலாம். பாலாற்று மணலின் படம் என்றால்? ஒவ்வொரு மணலையும் சொல்லி முடிக்க ஆயுள் போதாது. "மணல், மணல், எல்லாம் மணல்" என்று சொல்லிக் கையை விரித்துவிடுவீர்கள். ஜேபெக் என்னும் முறையும் இதைத்தான் செய்கிறது, கணிதத்தால்.

ஜேபெக் படத்தை 8 × 8 புள்ளிகள் கொண்ட சின்னச் சதுரங்களாக வெட்டிக்கொள்ளும். 6000 × 4000 படத்தில் இப்படி 3,75,000 சதுரங்கள். ஒரு சதுரத்துக்குள் 64 எண்கள். அந்த 64 எண்களையும் அப்படியே எழுதாமல், அலைகளின் கூட்டாக மாற்றி எழுதும். இந்தச் சதுரத்தின் சராசரி வெளிச்சம் இவ்வளவு. இடமிருந்து வலமாக மெதுவாக ஏறி இறங்கும் அலை இவ்வளவு. மேலிருந்து கீழாக இவ்வளவு. அதைவிட வேகமாக நெளியும் அலை இவ்வளவு. இப்படி மொத்தம் 64 விதமான அலைகள். இதுவரைக்கும் ஏறக்குறைய எதுவும் தொலையவில்லை. 64 எண்கள் வேறு 64 எண்களாக மாறியிருக்கின்றன, அவ்வளவுதான். வித்தை அடுத்த படியில் இருக்கிறது. மெதுவான அலைகளின் அளவைத் திருத்தமாகவும், வேகமாக நெளியும் பொடி அலைகளின் அளவை முரட்டுத்தனமாகவும் முழுதாக்கிவிடும். 3, 2, 4 என்றிருந்த குட்டி அளவுகள் எல்லாம் பூஜ்யமாகிவிடும். பிறகென்ன, "இனி வரும் ஐம்பதும் பூஜ்யம்" என்று ஒரு வரியில் எழுதிவிடலாம்!

எவ்வளவு முரட்டுத்தனமாக முழுதாக்குவது என்பதைத்தான் மெனுவில் 'தரம்' என்று கேட்கிறார்கள். நிக்கானில் ஃபைன், நார்மல், பேசிக் என்று இருக்கும். கேனான் கேமராவில் அதற்கு இரண்டு குட்டிப் படங்கள் போட்டிருப்பார்கள். வழவழப்பான கால்வட்டம் என்றால் உயர்ந்த தரம். படிக்கட்டுபோல் வெட்டு வெட்டாக இருக்கும் கால்வட்டம் என்றால் அடுத்த தரம். இரண்டு படங்களிலும் கால்வட்டத்தின் அளவு ஒன்றுதான் என்பதைக் கவனியுங்கள். அளவு வேறு, தரம் வேறு என்பதை அந்தக் குட்டிப் படமே சொல்லிவிடுகிறது.

பொடி அலைகளைத் தூக்கி எறிந்தால் நமக்குத் தெரியாதா? பெரும்பாலும் தெரியாது. நம் கண் பெரிய, மெதுவான மாற்றங்களைக் கவனிக்கும் அளவுக்கு மிகப் பொடியான மாற்றங்களைக் கவனிப்பதில்லை. நிற மாற்றத்தில் இன்னும் மந்தம். அதனால் வெளிச்சத்தை ஒவ்வொரு புள்ளிக்கும் எழுதிவிட்டு, நிறத்தை மட்டும் இரண்டு புள்ளிக்கு ஒன்று, நாலு புள்ளிக்கு ஒன்று என்று சிக்கனமாக எழுதுவதும் ஜேபெக்கில் வழக்கம். நம் கண்ணின் பலவீனத்தைத் தெரிந்துகொண்டு அதற்குள் புகுந்து விளையாடும் முறை இது.

இந்த அலைக்கணக்குக்குப் பின்னால் நம் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் இருக்கிறார். நசீர் அகமது 1940-இல் பெங்களூரில் பிறந்தவர். ஆம்பூரிலிருந்து காலையில் ரயிலேறினால் மதியச் சாப்பாட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடக்கூடிய ஊர். அங்கேயே பொறியியல் படித்து, பிறகு அமெரிக்கா போய்ப் பேராசிரியரானார். 1972-இல் இந்த யோசனையை ஆராயப் பணம் கேட்டு அங்குள்ள தேசிய அறிவியல் அறக்கட்டளைக்கு விண்ணப்பித்தார். கிடைக்கவில்லை. யோசனை மிகவும் எளிமையாக இருக்கிறது என்று மதிப்பீட்டாளர் ஒருவர் குறை சொன்னாராம்! பணம் வராவிட்டால் என்ன என்று தம் மாணவர் டி. நடராஜன், நண்பர் கே. ஆர். ராவ் ஆகியோருடன் சேர்ந்து வேலையை முடித்து, 1974 ஜனவரியில் கட்டுரையாக வெளியிட்டார். 1992-இல் ஜேபெக் உலகத் தரமாக அறிவிக்கப்பட்டபோது அதன் நடுவில் இருந்தது அவர்களுடைய கணக்குதான். நீங்கள் பார்க்கும் வீடியோக்களைச் சுருக்குகிற முறைகள் பலவற்றிலும் அதன் வாரிசுகள் இருக்கின்றன. உங்கள் யோசனையை யாராவது "இது ரொம்ப சுலபம்" என்று தள்ளினால் முகம் வாட வேண்டாம்.

சரி, தோலுக்கு இதில் என்ன சம்பந்தம்? தோலின் கிரெயின் முழுக்க முழுக்கப் பொடி அலை. துளை, துளை, துளை. ஜேபெக் எதை முதலில் தூக்கி எறிகிறதோ அதைத்தான் தோல் வாங்குகிறவர் முதலில் தேடுகிறார்! பிறந்தநாள் படத்தில் கன்னத்தின் வழவழப்பு கொஞ்சம் கூடினால் அத்தைக்குச் சந்தோஷம். தோலின் படத்தில் வழவழப்புக் கூடினால் ஆட்டுத்தோல் ரெக்சின்போல் ஆகிவிடும். உண்ணி கடித்த வடு மறைந்துபோகும். சரக்கு போய்ச் சேர்ந்த பிறகு சண்டை வரும்.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு சோதனை இருக்கிறது. கேமராவிலோ செல்போனிலோ ஒரே அமைப்பை வைத்துக்கொண்டு, மேகமில்லாத வானத்தை ஒரு படமும் மணல் தரையை ஒரு படமும் எடுங்கள். ஃபோகஸ் சரியாக இருக்கட்டும். பிறகு இரண்டு கோப்புகளும் எத்தனை எம்.பி. என்று பாருங்கள். புள்ளிகளின் எண்ணிக்கை இரண்டிலும் ஒன்றேதான். ஆனால் மணல் படத்தின் கோப்பு வானத்தைவிடப் பல மடங்கு பெரிதாக இருக்கும். ஜேபெக் கோப்பின் கனம் புள்ளிகளின் எண்ணிக்கையை மட்டும் பொறுத்ததில்லை, படத்துக்குள் எவ்வளவு நுணுக்கம் இருக்கிறது என்பதையும் பொறுத்தது என்று அப்போது புரியும். இருட்டில் எடுத்த படங்கள் சில நேரம் கனமாக இருப்பதும் இதனால்தான். வெளிச்சம் போதாதபோது படம் முழுக்கப் புழுதிபோல் பொட்டுகள் வரும். அது புழுதி என்று ஜேபெக்குக்குத் தெரியாது, மணலை எழுதுவதுபோல் பாடுபட்டு அதையும் எழுதி வைக்கும்.

இன்னொன்று. ஒரு ஷூவின் அடிப்பகுதியில் அச்சிட்டிருக்கும் அளவு எண்ணை மிகக் குறைந்த தரத்தில் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். எழுத்தின் ஓரங்களைச் சுற்றிக் கொசு மொய்ப்பதுபோல் கறை தெரியும். வானத்தையும் அதே தரத்தில் எடுத்துப் பெரிதாக்கினால் சதுரம் சதுரமாகத் திட்டுகள் தெரியும். அந்தச் சதுரங்களில் ஒன்றைப் பெரிதாக்கி, குறுக்கே எத்தனை புள்ளி என்று எண்ணுங்கள். எட்டு வரும்.

ஜேபெக் எறிவதே வேண்டாம் என்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் இந்தத் தோல் ஊர்களுக்குப் பக்கத்து மலையிலேயே இரவெல்லாம் விழித்திருக்கிறார்கள். வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாகப் போனால் ஜவ்வாது மலையில் காவலூர். அங்கே இருக்கும் வைணு பாப்பு வானாய்வகத்தில் 2.34 மீட்டர் விட்டமுள்ள கண்ணாடியைக் கொண்ட தொலைநோக்கி 1986 முதல் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. இதே காவலூரில்தான் 1988-இல் ஆர். ராஜமோகன் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். அதற்குக் கணித மேதை ராமானுஜனின் பெயரை வைத்தார்கள். அதன் எண் 4130. சிறுகோளைத் தேடுவது எப்படி? வானத்தின் ஒரே பகுதியை வெவ்வேறு நேரங்களில் படமெடுத்து, எந்தப் பொட்டு இடம் மாறியிருக்கிறது என்று பார்ப்பார்கள். விண்மீன்கள் அசையாது, சிறுகோள் நகர்ந்திருக்கும். அந்தப் பொட்டு எவ்வளவு சின்னது, எவ்வளவு மங்கல்! ஜேபெக்கின் கையில் கொடுத்தால் "இது பொடி அலை, தேவையில்லை" என்று பூஜ்யமாக்கிவிடக்கூடும். அதனால் வானியலாளர்கள் ஃபிட்ஸ் என்ற கோப்பு வகையில், உணரி அளந்த எண்களை அப்படியே சேமிக்கிறார்கள். ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான். வானியல் கேமராக்களில் 65,536 படிகள் வரை பிரித்து எழுதுவது சாதாரணம்.

உங்கள் வீட்டுக் கேமராவிலும் இதற்கு ஒரு தம்பி இருக்கலாம். மெனுவில் 'ரா' என்று போட்டிருந்தால் அதுதான். உணரி அளந்த எண்களை, நிறத்தைக்கூட நிரப்பாமல், 12 அல்லது 14 பிட்டில் எழுதி வைக்கும். 14 பிட் என்றால் 16,384 படிகள். கோப்பு கனமாக இருக்கும், கணினியில் போட்டுப் பக்குவப்படுத்தினால்தான் படமாகும். பழகுகிற வயதில் இது இல்லாமலே சமாளிக்கலாம் என்பேன். சாயம் போட்ட தோலின் நிறம் துல்லியமாக வேண்டும் என்கிற தொழில் படக்காரருக்கு இது அவசியம்.

எல்லாம் சரி, கடைசியில் எதைத்தான் வைப்பது? அளவு எல், தரம் ஃபைன். இதுதான் என் பதில். கார்டில் இடம் போய்விடுமே என்று பயப்பட வேண்டாம். 12 எம்.பி. படங்கள் 32 ஜி.பி. கார்டில் 2,600 வரை பிடிக்கும். சுற்றுலாவின் நடுவில் கார்டு நிறைந்துவிடும் போலிருந்தால் தரத்தை ஃபைனிலிருந்து நார்மலுக்கு இறக்குங்கள். கோப்பு ஏறக்குறைய பாதியாகும், பெரும்பாலான படங்களில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. அளவை எஸ்-க்கு மாற்றுவதைக் கடைசிவரை தள்ளிப் போடுங்கள். பெரிய படத்தை எப்போது வேண்டுமானாலும் சிறிதாக்கலாம். சிறிய படத்தைப் பெரிதாக்கினால் இல்லாத துளைகள் முளைக்காது.

போட்டித் தேர்வு விண்ணப்பத்தில் 'படம் 50 கே.பி.க்குள் இருக்க வேண்டும்' என்று அக்காவிடம் கேட்பார்கள். அதற்காகக் கேமராவின் அமைப்பை மாற்றாதீர்கள். பெரிதாகவே எடுத்துவிட்டு, ஒரு நகல் எடுத்து, அந்த நகலைச் சுருக்குங்கள். அசல் அசலாகவே இருக்கட்டும். ஜேபெக் படத்தைத் திறந்து, திருத்தி, சேமித்து, மறுபடி திறந்து, திருத்தி, சேமித்தால் ஒவ்வொரு தடவையும் அது புதிதாக முழுதாக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக எறிந்துகொண்டே வரும். வெறுமனே திறந்து பார்ப்பதால் எதுவும் ஆகாது.

வாட்ஸப்பில் சாதாரணமாக அனுப்பும்போதும் இதே கதைதான். அது படத்தின் நீண்ட பக்கத்தை ஏறத்தாழ 1600 புள்ளிகளுக்குச் சுருக்கி, தரத்தையும் குறைத்து அனுப்பிவிடும். பாட்டிக்குப் பொங்கல் படம் அனுப்ப அது போதும். ஆனால் சித்தப்பா டேனரியிலோ ஷூ கம்பெனியிலோ வேலை பார்த்து, தோலின் படத்தை வெளிநாட்டுக்கு அனுப்புபவராக இருந்தால் அவருக்கு நீங்கள் ஒரு யோசனை சொல்லலாம். "சித்தப்பா, போட்டோவா அனுப்பாதீங்க, டாக்குமெண்ட்டா அனுப்புங்க. அப்பதான் எடுத்தபடியே போய்ச் சேரும்."

அப்படியே அவருடைய கேமராவை வாங்கி மெனுவைத் திறந்து பாருங்கள். யாரோ எப்போதோ எஸ், பேசிக் என்று மாற்றி வைத்துவிட்டு மறந்திருந்தால், இன்றைக்கே எல், ஃபைன் என்று மாற்றிக் கொடுத்துவிடுங்கள்.